மச்சானின் இடது தோள்

மார்ச் 12, வியாழன்

காலையிலேயே ஆளைப் பொரிக்கும் வெயில். ஓ.டி. என்கிற பழைய டவுனில் என் பேனர் கடை. மின்விசிறி சுற்றுவது காற்றுக்காக அல்ல, மரியாதைக்காக. இன்றைய வேலை: காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி இரண்டு.

அஞ்சலி இரண்டுக்கும் உடம்பு வழக்கம்போல் என்னுடையது. போனவர்களுக்கு நல்ல படம் இருந்ததே இல்லை. வீட்டார் கொண்டுவருவது ஆதார் அட்டையில் உள்ள தலை மட்டும். அதை வெட்டி, வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உடம்பின் மேல் ஒட்டவேண்டும். கடை திறந்த புதிதில் எடுத்த என் படம்தான் அந்த உடம்பு. பையில் பேனா, கம்பி வைத்துக் கட்டியது போன்ற தோள், நெஞ்சு இமயமலைக்கு அண்ணன். இந்த மாவட்டத்தில் என்னளவு செத்தவன் கிடையாது. ஊருக்கே தெரியும். டீக்கடையில் தினமும் கேட்பார்கள்: "மாமா, இன்னிக்கி யாரா செத்த?"

மாலையில் பவித்ரா. அக்கா மகள், சிதம்பரத்தில் ஓவியம் படிக்கிறாள், கடைசி வருஷம். தோளில் கொசுவலையில் தைத்த பை. ஃபேஷனாம்.

"மாமா, பழைய அஞ்சலி பேனரெல்லாம் எங்கெங்க கெடக்குதுன்னு காட்டு. கண்காட்சிக்கு வேணும்."

"எதுக்குடி?"

"அதுல இருக்குற சட்டய வெட்டி, நெஜ சட்டயா தைக்கப் போறேன். ஒரு ரூம் முழுக்க தொங்கும்."

உலகக் கலை வரலாற்றில் நானும் நுழைகிறேன். கழுத்துக்குக் கீழே மட்டும்.

மார்ச் 14, சனி

வண்டியில் இருவரும் திக்விஜயம். நான் சக்கரவர்த்தி, அவள் படை. வண்டி நிறையப் புதுத் தார்ப்பாய். பழையதைக் கொடுப்பவருக்குப் பதில் ஒன்று. கண்டவை:

நெல்லிக்குப்பம். கரும்பு டிராக்டருக்குக் கூரையாக ஒருவர்.

திருவதிகை. ஓர் ஆசிரியரின் மீசை மேல் முந்திரிக்கொட்டை காய்கிறது.

குடிகாடு. ஆட்டுக் கொட்டகைக்கு மூன்று பக்கமும் மூன்று பேர். கெமிக்கல் கம்பெனி நாற்றம் மூக்கைப் பிடுங்கி எறிந்தது. ஆடுகள் நலம்.

எல்லாரும் நான்.

பவி போன வழியெல்லாம் படம் எடுத்தாள். சாக்குத் தையல். வேலிக் கம்பியில் மாட்டிய ஒற்றைச் செருப்பு. பச்சைப் பாவாடையின் கிழிசலில் வைத்த ஆரஞ்சு ஒட்டு. அந்த ஒட்டுக்கு மட்டும் ஒரு யுகம் நின்றாள்.

"இதுல என்னாடி கீது?"

"கலர பாரு மாமா. யாரும் யோசிக்காம வெச்ச கலரு. நாங்க மூணு வருஷம் படிச்சாலும் வராது."

கொட்டகைக்கார அம்மா ஒரு பேனரை அவிழ்த்துக் கொடுத்தாள். "எங்க மாமனாரு. மழைக்கு அவுருதான் நின்னாரு. எட்த்துனு போ. ஆனா மூஞ்ச உள்ள மடிச்சி எட்த்துனு போ. வெயில் படக்கூடாது."

அதற்குப் பிறகு எல்லாப் பேனரையும் பவி முகத்தை உள்ளே மடித்தே கட்டினாள். அறையிலும் முகம் தெரியாதாம். சட்டை மட்டும்தானாம்.

திரும்பும் வழியில், "செத்தா யூனிஃபார்ம் குடுக்குறாங்களா மாமா? எல்லாத்துக்கும் ஒரே தோளு" என்றாள். சிரித்தேன். பின்னால் அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் கழித்து: "அப்பாவுக்கும் அதே தோளுதான், இல்ல?"

வண்டியைக் கவனமாக ஓட்டினேன்.

மார்ச் 15, ஞாயிறு

கடல் சும்மா கிடக்கிறது. அக்கா வீட்டில் நெத்திலிக் குழம்பு. சட்டியைத் தவிர மற்றதைத் தின்றேன்.

பவியின் அப்பா, என் மச்சான். அவர் பேனர் அடுப்படி ஜன்னலில். சாரல் அடிக்காமல் இருக்க அக்கா கட்டியது. எல்லா வீட்டிலும் முகம் வெளியே பார்த்திருக்கும். இங்கே உள்ளே பார்த்து. அக்கா சமைப்பதை மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறார், என் நெஞ்சை நிமிர்த்தி.

பவி அந்தப் பேனரைக் கேட்டாள். அக்கா கரண்டியை வைக்கவே இல்லை.

"ஊரான் வேடிக்க பாக்கறதுக்கா உங்கப்பன்?"

"மூஞ்சி தெரியாதும்மா. சட்ட மட்டுந்தான்."

"சட்ட உங்கப்பன்துன்னு யாரு சொன்னா? அந்த ஒடம்பு தோ, துன்னுனு குந்தினிகிறானே, இவன்து. மூஞ்சி மட்டுந்தான் எனக்கு. அதயும் வெட்டிக் குடுக்கவா?"

பவி எழுந்து கைகழுவப் போனாள். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம்.

எனக்கு இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

கரண்ட் கட். அச்சு வேலை நின்றது. பக்கத்துத் தையல்கடை மிஷினில் பவி. பேனருக்கு ஊசி ஒடிகிறது, ஒடிந்துகொண்டே இருக்கிறது. தையல்காரர் முகம் ஊசியைவிட ஒடிந்து போயிற்று.

புது முடிவு. அம்மாவிடம் கேட்கப் போவதில்லை. அச்சடிக்காத வெள்ளைப் பேனரில் அப்பாவுக்கென்று ஒரு சட்டை. நடுவில் தொங்கும். மற்றதெல்லாம் மாமா தோள், இது ஒன்று மட்டும் அப்பா தோள். அதுதான் அந்த அறையே, என்கிறாள்.

அளவுக்கு எங்கே போவது? துணியெல்லாம் கருமாதியன்று கடலில் விட்டாயிற்று. கல்யாண ஆல்பம் புயல் தண்ணீரில் போயிற்று. செல்போனில் இருப்பது மச்சான் மீனைத் தூக்கிப் பிடித்த படங்கள். மீன் தெளிவு. பின்னால் மச்சான் மங்கல்.

"போட்டு இஞ்சின் தூக்கித் தூக்கி ஒரு தோளு எறங்கி இருக்கும்ல மாமா? இடதுதானே?"

"இடது."

"எவ்ளோ எறங்கும்?"

கை தூக்கிக் காட்டப் போனேன். கை அந்தரத்தில் நின்றது. தெரியவில்லை. எத்தனையோ வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தின்ற ஆள். ஊரில் உள்ள தலைக்கெல்லாம் தோள் கொடுத்த மகாராஜன் நான். மச்சான் தோள் தெரியவில்லை.

"சரி வுடு" என்றாள். டேப்பை என் மேல் வைத்து அளந்தாள். நேர் தோள்.

மார்ச் 20, வெள்ளி

பஸ்ஸில் சிதம்பரம். மூன்று மூட்டை.

கண்டக்டர்: "என்னாங்க மூட்ட?"

"செத்தவங்க சட்ட."

அதன் பிறகு எங்கள் சீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. காற்றோட்டமான பயணம்.

அறையில் நைலான் கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம். காற்றடித்தால் எல்லாம் ஒன்றாகத் திரும்புகின்றன. பையில் அச்சடித்த பேனா, எல்லாவற்றிலும். நானே என்னைச் சுற்றி. வாய் மூடிக்கொண்டது எனக்கு. பவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

நடுவில் வெள்ளை. அவளுக்குத் திருப்தி இல்லை. இறக்கினாள், ஏற்றினாள், விட்டுவிட்டாள்.

அக்காவுக்கு போன். "நாளைக்கி மீன் ஏலத்த வுட்டுட்டு அங்க வந்து நான் என்னா பண்ண?" வைத்துவிட்டாள்.

மார்ச் 21, சனி

மேகம், மழை இல்லை. கண்காட்சி. பட்டணத்து ஆட்கள், மாணவர்கள், தாடிகள். ஒரு தாடி வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "இது மட்டும் ஏன் பிரின்ட் இல்லாம இருக்கு?" என்றது. "முடியல சார்" என்றாள் பவி.

மதியம் வாசலில் மீன் வாசனை. அக்கா. ஏலம் முடிந்து நேராக, கூடையோடு. செருப்பைக் கோயில் போல வெளியே விட்டாள். யாரையும் பார்க்கவில்லை. சட்டைகளுக்கு நடுவே விலக்கி விலக்கி நடந்து வெள்ளையிடம் வந்தாள்.

"இது யாருது?"

"அப்பாதும்மா."

"இல்ல."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய். இங்க வா. நில்லு."

நின்றேன். அக்கா கூடையைக் கீழே வைத்து, முந்தானையில் கை துடைத்து, என் இடது தோளில் வைத்தாள். அழுத்தினாள். நான் வளைந்தேன்.

"இன்னும் எறங்கும்."

இறங்கினேன்.

"இன்னும் கொஞ்சம். கழுத்து இப்டிக்கா போவும். ஆங்."

"அம்மா, அப்டியே புடிச்சிக்கோ." பவி சாக்பீஸ் தேடினாள், நாடா தேடினாள், இரண்டையும் கீழே போட்டு எடுத்தாள். என் தோளில் அளந்து, சட்டையில் குறித்து, கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். வெள்ளைச் சட்டை ஒரு பக்கம் சாய்ந்து, இஞ்சினை இறக்கி வைத்துவிட்டு வந்தவன் போல நின்றது.

முடிந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. நான் மெதுவாக நிமிரப் பார்த்தேன்.

"அப்டியே இருடா."

இருந்தேன்.