திர்சாள் சொன்ன ஆமென்

எபேசுவில் இருக்கும் என் அன்பு மச்சான் திரிப்போனுக்கு, அந்தியோக்கியாவிலிருந்து உங்கள் தங்கை திர்சாளின் கணவன் தோசித்தேயு எழுதுவது. உங்களுக்கும் வீட்டில் எல்லாருக்கும் சமாதானம். இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மருமகள், எங்கள் மகள் அக்சாளுக்குப் பெந்தெகொஸ்தே பண்டிகை கழிந்து பதினைந்தாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் ஜெபஆலயத் தலைவர் மெனகேமின் மகன், அடக்கமான பையன். அக்சாளுக்கு இப்போது கால் தரையில் பாவவில்லை. "எபேசுப் பட்டு இல்லாம மாமா வந்தார்னா வாசல்லயே நிக்க வச்சிடுவேன்னு எழுதுங்கப்பா" என்கிறாள். எழுதிவிட்டேன்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

ஓய்வுநாளில் ஜெபஆலயத்தில் முன்னே நின்று ஜெபம் நடத்துகிறவன் நான். மறுநாள் காலையில் சாயக்காரர் தெருவில், நாசரேத்தூர் இயேசுவை மேசியா என்று நம்புகிறவர்கள் கூடும் வீட்டிலும் நான்தான் நடத்துகிறேன். நானும் திர்சாளும் அவரை நம்புகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பாடும் சங்கீதமும் நம்முடையதே. நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளும் அதே வரிசையில் வாசிக்கப்படும். நம் அப்பாக்கள் சாப்பாட்டு வேளையில் ரொட்டிக்கும் திராட்சரசப் பாத்திரத்துக்கும் சொன்ன ஸ்தோத்திரத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். வேறென்ன செய்வேன், எனக்குத் தெரிந்த ஜெபம் அது ஒன்றுதானே! மெனகேமுக்கும் இதெல்லாம் தெரியும். இத்தனை வருஷமாகத் தெரியாதவர் மாதிரியே இருந்தார், நல்ல மனுஷன்.

அந்த வீட்டுக்குக் கிரேக்கப் பெண்கள் நிறைய வருகிறார்கள், பெரும்பாலும் துணி வெளுக்கிறவர்கள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது ஆமென் சொல்வது என்று பாவம் ஒன்றும் தெரியாது. நான் ரொட்டியைக் கையில் எடுத்த உடனேயே "ஆமென்!" என்று கத்துவார்கள். திர்சாள்தான் அவர்களை உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள். "அவசரப்படாதீங்கடி. என்ன சொல்றாருன்னு முழுசாக் கேளுங்க. ஆமென் சொல்லிட்டா அவர் சொன்னது நீங்களே சொன்ன மாதிரி. அப்புறம் நான் சொல்லலைன்னு கைய விரிக்க முடியாது." அதிலிருந்து அவள் வாயைப் பார்த்துத்தான் எல்லாரும் வாயைத் திறப்பார்கள்.

போன மாதம் யூதேயாவின் பெரியவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓய்வுநாள் ஜெபத்தில் இனி ஒரு வரி கூடுதல். நாசரேத்தூராரைப் பின்பற்றுகிறவர்கள் பெயர், தேவன் வாழப்போகிறவர்களை எழுதிவைக்கும் ஜீவபுத்தகத்தில் இல்லாமல் போகட்டும் என்று நான் சொல்ல வேண்டும், சபை ஆமென் சொல்ல வேண்டும். மெனகேம் வீடு தேடி வந்தார். "சம்பந்தி, நீங்க எங்க போறீங்க வர்றீங்கன்னு நான் கேக்கல. ஆனா எல்லார் கண்ணும் உங்க மேலதான் இருக்கு. அந்த வரியில நாக்கு தடுமாறுச்சுன்னா உங்களை எறக்கி வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் உங்க வீட்ல எப்படிப் பொண்ணெடுப்பேன்? என்னைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை.

அந்த வரியைச் சொல்லும் ஓய்வுநாளில் மட்டும் ஜெபஆலயத்துக்கு வராதே, தலைவலி என்று படுத்துக்கொள் என்று திர்சாளிடம் கெஞ்சினேன். "நான் வரலைன்னா அதையே புடிச்சுக்குவாங்க. நீங்க சொல்லிடுங்க. புள்ளை வாழணும்" என்றாள்.

சொன்னேன் மச்சான், தடுமாறாமல் சொன்னேன். நல்ல குரல், நல்ல குரல் என்று ஊரே மெச்சிய குரல், நாசமாய்ப் போக! சொல்லி முடித்ததும் சபையில் பாதிப் பேர் பெண்கள் பக்கம் திரும்பி அவளையே பார்த்தார்கள். எல்லாருக்கும் முன்னால், கணீரென்று, அவள் ஆமென் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் ஜெபிப்பதில்லை. சமைக்கிறாள், கல்யாணத் துணி தைக்கிறாள், அக்சாளோடு சிரிக்கவும் சிரிக்கிறாள். சாப்பாட்டில் நான் ஸ்தோத்திரம் சொன்னால் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். "மனசில்லாம சொன்னது எப்படி ஒட்டும் திர்சா?" என்று கேட்டேன். "மனசில்லாம சொன்னது ஒட்டாதுன்னா, சொன்ன நீங்க எதுக்கு ராத்திரி தூங்காம கெடக்கீங்க? என் பேரை நானே அடிச்சுட்டேன். விடுங்க" என்றாள்.

அந்த முதல் ஓய்வுநாளுக்கு மறுநாள் அவள் சாயக்காரர் தெருவுக்கு வந்தாள். வாசல் ஓரமாக நின்றாள். நான் ரொட்டியை எடுத்து ஸ்தோத்திரம் சொல்லி முடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெண்கள் அத்தனை பேரும் வழக்கம்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேசிமே என்ற பெண், "அக்கா, இப்ப சொல்லலாமா?" என்று மெல்லக் கேட்டாள். திர்சாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப்பின் இரண்டு ஓய்வுநாள் போய்விட்டது. இரண்டிலும் நான் சொன்னேன், அவள் ஆமென் சொன்னாள். நாளை மறுநாளும் ஓய்வுநாள். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கல்யாணம் முடிந்தால் மட்டும் நிறுத்த முடியுமா? பெண் அந்த வீட்டில்தானே வாழ வேண்டும்? அக்சாளுக்கு இது ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அண்ணன் சொன்னால் அவள் கேட்பாள். நீங்கள் என்னைவிட வேதம் படித்தவர். பயத்தில் சொன்ன ஆமென் செல்லாது என்று எங்காவது இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். இருந்தால் அவளுக்கு எழுதுங்கள். இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று எழுதுங்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நம் பிதாக்களின் தேவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக. இதற்கு ஆமெனும் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், மச்சான். இந்த வீட்டில் சொல்ல ஆளில்லை.

தோசித்தேயு