பாதைக்குக் கொடுத்த பெயர்கள்

கப்பல்துறை,
14.07.1996

அன்புள்ள அத்தானுக்கு இராசமலர் எழுதுவது,

நானும் வதனியும் மாமியும் சுகம். கட்டாரில் வெயில் கடுமை என்று எழுதியிருந்தீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் ஓடாமல் கிடந்த பழைய கிளைப்பாதையைச் சைக்கிள் பாதையாக்கப் போகிறோம் என்று முன்பு எழுதினேன். கண்டி வீதிச் சோதனைச்சாவடியில் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் காத்து நின்றுதான் பள்ளிக்கூடம் போனார்கள். அதனால் மாதர் சங்கத்தில் நாங்கள் பற்றை வெட்டி, சிலிப்பர் கட்டைகளைக் கிளப்பி, கிறவல் மண் பரப்பினோம். உங்கள் தம்பி குகன்தான் எல்லாரையும் விடப் பாடுபட்டான். இப்போது நாற்பது பிள்ளைகள் மணி அடிக்க முன்னமே போய்விடுகிறார்கள். எங்கள் மகள் வதனியும் போகிறாள்.

உங்களுக்கு மறைத்த ஒன்றை இன்று எழுதுகிறேன். அனுமதி தர, அந்தப் பாதையால் போகிற பெரியவர்களின் பெயரும் அடையாள அட்டையில் உள்ள விலாசமும் வேண்டும் என்று இராணுவ முகாமில் கேட்டார்கள். சங்கச் செயலாளர் என்று நான்தான் எழுதினேன். குகனின் அட்டையில் உங்கள் சின்னம்மா வீட்டு மூதூர் விலாசம். "மச்சாள், இஞ்சத்தை விலாசத்தைப் போட்டுவிடுங்கோ" என்று இரண்டு முறை கேட்டான். பொய் எழுத ஏலாது, பிறகு எல்லாருக்கும் கரைச்சல் என்று மறுத்துவிட்டேன். பாதை திறந்த நாலாம் நாள், அதே பட்டியலோடு வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். புலிகள் நடமாடும் மூதூர்ப் பக்கம் இருந்தவன், விசாரிக்க வேண்டும் என்றார்கள்.

பயப்பட வேண்டாம், உயிரோடு இருக்கிறான். கொழும்புச் சிறையில் மறியலில் இருப்பதாகச் செஞ்சிலுவைச் சங்கத்தார் மூன்று கிழமைக்குப் பிறகு கண்டுபிடித்து, அவன் எழுதிய துண்டையும் கொண்டுவந்து தந்தார்கள். எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதே. நான்தான் வாசித்தேன். சுகமாயிருக்கிறேன், உடுக்க இரண்டு சாரம் அனுப்புங்கோ என்று எழுதியிருந்தான். கடைசியில், "அம்மா, விலாசத்தை எழுதினதுக்காக மச்சாளை ஏச வேண்டாம்" என்று இருந்தது. அந்த வரியை வாசிக்காமல் விட்டுவிட்டேன். "அவ்வளவுதானோ பிள்ளை?" என்று மாமி கேட்டார். ஓம் என்றேன்.

தம்பிக்காக அலைந்து மெலிந்துபோனாய் என்று சொல்லி, மாமி எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுகிறார். உண்மையைச் சொல்ல வாய் எடுத்துப் பார்த்தேன், ஏலாமல் போயிற்று.

அத்தான், அடுத்த கடிதத்தை மாமியின் பெயருக்கு எழுதுங்கள். நடந்ததை அப்படியே எழுதுங்கள். அதையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒரு வரியும் விடமாட்டேன்.

அம்மன் உங்களையும் குகனையும் காக்கட்டும்.

உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,
இராசமலர்