வண்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது

என்னங்க,

வண்டிச் சாவியைத் தேடாதீர்கள். ஒளித்து வைத்தது நான்தான்.

கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறேனே, அது வயசு. அதற்கு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் முந்தாநாள், முப்பது வருடம் பேருந்து ஓட்டிய மனிதர், ஓடுகிற காரில் குனிந்து கால்களைப் பார்த்தபடி, "இதுல பிரேக் எதுடி?" என்று கேட்டீர்கள். கைப்பிரேக்கை இழுத்தது நான்.

நாளை பத்து மணிக்கு மருத்துவர். வந்தே ஆக வேண்டும்.

"எனக்கு என்ன கேடு?" என்று கத்துவீர்கள். இதையேதான் நேற்றும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கத்தினீர்கள், அழுதீர்கள், வருகிறேன் என்றீர்கள். விடிந்ததும் சாவி எங்கே என்றீர்கள்.

அந்த அழுகையை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அடுப்படியில் நிற்கிறேன். முகத்தைக் கழுவிக்கொண்டு கூப்பிடுங்கள்.

உங்கள் பக்கத்து சீட்டுக்காரி