'மூச்சுத் திணறல் இல்லை' என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு விளக்கம்

அனுப்புநர்:
மு. பச்சையப்பன் (வயது 46),
தோல் தொழிற்சாலைத் தொழிலாளி, சாயப் பிரிவு,
பள்ளிக்கூடத் தெரு, மாதனூர் அஞ்சல்,
ஆம்பூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பத்தூர்.

பொருள்: தற்காலிகக் கொரோனா சிகிச்சை மையத்தில் பணியாற்றிய ஒப்பந்தச் செவிலியர் திருமதி சவுரியம்மாள் மீதான விசாரணை – எனது வாக்குமூலத்துக்கு விளக்கம் அளித்தல் – அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் சவுரியம்மாள் அவர்களின் வேலை வரும் வியாழக்கிழமை விசாரணையோடு போய்விடும் நிலையில் இருக்கிறது. அவருக்கு எதிராக இருக்கும் பெரிய சாட்சியம் நான் எழுதிக் கொடுத்த 'இல்லை' என்ற ஒரு சொல். அந்தச் சொல் உண்மை. ஆனால் அதை வைத்து அவரைத் தண்டித்தால் அது பெரிய அநியாயமாகும். அது எப்படி என்று சொல்லவே இம்மனு. நான் சற்று வாயாடி என்பதை ஊரே அறியும். மனு நீண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் சாயம் போடும் வேலை செய்கிறேன். பெரிய மர டிரம்மில் தோலும் சாயமும் சேர்ந்து சுற்றும். நிறம் உள்ளே இறங்கியதா என்று ஒரு துண்டை எடுத்துப் பிழிந்து பார்க்க வேண்டும். கையுறை போட்டால் ஈரத் தோல் வழுக்குகிறது என்று எங்களில் பலர் வெறும் கையால்தான் பிழிவோம். ஆகவே என் பத்து விரல்களும் நகத்தோடு சேர்ந்து கறுப்பு. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் அது அசையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் கையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தன் சோற்றில் கை வைப்பார். இந்தக் கறுப்பு விரல்தான் இந்த விவகாரம் முழுவதற்கும் காரணம் என்பதால் இதை முதலில் எழுதினேன்.

2. கடந்த மே மாதத் தொடக்கத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் எல்லோருக்கும் வருவதுதான். அதற்கு முந்தைய நாள் நடந்ததுதான் விசித்திரம். எங்கள் தொழிற்சாலை வாசலில் பச்சைத் தோல் ஏற்றிய லாரி நின்றிருந்தது. அந்த வழியாகப் போகும் வெளியூர் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், அப்படிப்பட்ட நாற்றம். நான் லாரிக்குப் பக்கத்தில் நின்று நிம்மதியாக டீ குடித்தேன். எந்த வாடையும் இல்லை. நிர்வாகம் ஏதோ புது மருந்து அடித்திருக்கிறது, நமக்கும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று மேஸ்திரியிடம் மனமாரப் பாராட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி மோகனா கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் என்ன என்று கேட்டேன். அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

3. சில நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. தலைக்குக் குளித்து, இட்லி சாப்பிட்டு, வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நன்றாகவே இருந்தேன். மோகனா விடவில்லை. "ஏங்க, காய்ச்சல் போச்சு சரி. மூக்கு எங்க போச்சு? அது வர்ற வரைக்கும் நான் நம்ப மாட்டேன், வாங்க" என்று என்னை சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனாள். நோய் விட்டுப்போனதாக நான் நினைத்த அன்றுதான் அது என் நெஞ்சுக்குள் முழுதாக இறங்கியிருந்தது என்று பின்னால் தெரிந்தது. விட்டதுபோல் விட்டுப் பிடிக்கும் இப்படி ஒரு நோயை நான் கேள்விப்பட்டதே இல்லை.

4. மையத்தின் தாழ்வாரத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அடுத்த நாற்காலியில் திரு. வாஹித் பாஷா இருந்தார். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர். முந்தைய வாரம்தான் அவர் தம்பியை இதே நோய்க்குப் பறிகொடுத்து அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு மூச்சு இரைத்த இரைப்பு எதிர்ச் சுவர் வரை கேட்டது. சட்டைப் பொத்தான்களைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மச்சான் கண்ணீரோடு அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நானோ பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டே, ஏலகிரி மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று இன்னொருவரிடம் வாதம் செய்துகொண்டிருந்தேன். யாரைக் கேட்டாலும் எங்களில் யார் நோயாளி என்று யோசிக்காமல் சொல்லியிருப்பார்கள்.

5. எங்கள் இருவர் விரலிலும் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார்கள். வாஹித் பாய்க்குத் தொண்ணூற்றைந்து காட்டியது. எனக்கு அறுபத்தெட்டு. மருத்துவர் என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "விரல்ல டை இருக்கு, ரீடிங் தப்பா வரும். ஆளு நல்லாத்தான் இருக்காரு" என்றார். உள்ளே காலியான ஒரு படுக்கையைப் பாய்க்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஆபத்தான நிலையில் இருந்த இன்னொருவரைப் பார்க்க ஓடினார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயம் ஏறிய விரலில் அந்தக் கருவி பொய் சொல்லும் என்பது உண்மைதானாம். எங்கள் கம்பெனி முகாமிலும் சாயப் பிரிவு ஆட்களுக்கு அப்படிப் பொய்யாகக் காட்டியிருக்கிறது. நானும் அங்கேயே சிரித்து, "என் கையைப் பார்த்து மெஷினே பயந்துடுச்சு" என்று சொன்னேன். என் இடத்தில் யார் இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

6. பாயை அழைத்துப் போக வந்த செவிலியர் சவுரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் முன் நின்று, "அண்ணா, ஏலகிரி கதைய இப்ப மூணாவது வாட்டி சொல்றீங்க" என்றார். நான் ஒரு முறைதான் சொன்னேன் என்று சண்டைக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவர் தலை குனிந்துகொண்டார். செவிலியர் நாடி பார்ப்பதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். நான் ஓடி வந்தவனைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தேனாம். அது எனக்கே தெரியவில்லை. உடனே குழந்தைகள் பிரிவிலிருந்து சிறிய கிளிப் ஒன்றை வாங்கி வந்து என் காது மடலில் மாட்டினார். காதில் சாயம் இல்லை. அறுபத்தொன்பது என்று காட்டியது.

7. அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கும் ஒண்ணும் புரியலண்ணா. ஆனா விரலும் காதும் பேசி வெச்சிக்கிட்டு ஒரே பொய்ய சொல்லாது. எந்திரிக்காதீங்க." நடக்க விடாமல், நாற்காலியோடு என்னைத் தூக்கச் செய்து அந்தப் படுக்கையில் போட்டு ஆக்சிஜன் வைத்தார். பாயை அப்படியே விட்டுவிடவும் இல்லை. ஜன்னலோரம் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, தன்னோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விடச் சொன்னார். திரும்பத் திரும்ப வந்து அவர் விரலிலும் கிளிப் மாட்டிப் பார்த்தார். எண் இறங்கவே இல்லை. அவருக்கு வந்தது பயத்தில் வந்த திணறல். ஆனால் பாயின் மச்சான் கண்ணில் பட்டது என்ன? திணறுகிறவருக்கு நாற்காலி, பிஸ்கெட் தின்கிறவனுக்குப் படுக்கை. அவர் புகார் எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு வாரத்தில் இரண்டாவது சாவைப் பார்க்கப் போகிறோம் என்று நடுங்கிய மனிதர் அவர்.

8. பிறகு எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதே மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என் நுரையீரல் இரண்டும், சோற்றுப்பானை மூடியில் ஆவி படிந்ததுபோல் வெள்ளையாக மூடிக் கிடந்தன. "இந்த லங்ஸ வெச்சிக்கிட்டா இவரு ஏலகிரி கதை சொன்னாரு?" என்று செவிலியரிடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது. தாழ்வாரத்தில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கதை சொல்லிக்கொண்டே சாய்ந்திருப்பேன் என்றும் சொன்னார். படுக்கை ஒதுக்கியதற்கான உத்தரவை அதன் பிறகு அவரே எழுதினார்.

9. ஐயா, அந்த வார்டில் நான் கண்டவற்றை எண்ணிப் பார்த்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது. என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். என் வாயை மூட அரசாங்கம் கண்டுபிடித்த வழி என்று முதலில் நினைத்தேன். ஆனால் குப்புறப் படுத்த சற்று நேரத்தில், மருந்தே மாற்றாமல், திரையில் இருந்த எண் படிப்படியாக ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். மல்லாந்தால் இறங்கும், கவிழ்ந்தால் ஏறும். பிறந்ததிலிருந்து சுமந்து திரியும் என் நெஞ்சுக்கு இப்படி ஒரு முன்பக்கமும் பின்பக்கமும் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. மூட்டை தூக்கும் இளைஞர் ஒருவர் கழிப்பறைக்கு நடந்து போய் வந்ததற்கே கண் செருகி விழுந்தார். அவரைவிட இரு மடங்கு வயதான, சர்க்கரை நோய் உள்ள பெரியவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு மட்டும்தான், இருமலே இல்லை. மருத்துவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். யாருக்கும் முன்னே பின்னே பழக்கம் இல்லாத நோய். அதன் முன்னால் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தோம்.

10. நான் வீடு திரும்பிய பிறகு விசாரணைக்காக என்னிடம் எழுத்தில் பதில் கேட்டார்கள். 'படுக்கை ஒதுக்கப்பட்டபோது தங்களுக்கு மூச்சுத் திணறல் இருந்ததா?' என்பது கேள்வி. நான் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருந்தது என்று எழுதியிருந்தால் செவிலியருக்கு உதவியாக இருந்திருக்கும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதியிருந்தாலும் தாழ்வாரத்தில் என் அரட்டையைக் கேட்ட அத்தனை பேரும் மறுத்திருப்பார்கள். 'இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த, மூச்சுத் திணறல் ஏதும் இல்லாத நோயாளிக்கு மருத்துவர் உத்தரவின்றிப் படுக்கை வழங்கினார்' என்று இப்போது அவர் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. ஐயா, எனக்குத் திணறல் இல்லை என்பதுதான் என் நோயே. அந்த அறிகுறி தெரியாததால்தான் நான் சாகக் கிடந்தேன். அதைக் கண்டுகொண்டதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், நாளைக்கு எந்தச் செவிலியர் துணிந்து இன்னொருவர் காதில் கிளிப் மாட்டுவார்?

11. திரு. வாஹித் பாஷா பத்திரமாக வீடு திரும்பி, இப்போது வேலைக்கும் போகிறார். நடந்தது தெரிந்ததும் அவரும் அவர் மச்சானும் புகாரைத் திரும்பப் பெறச் சென்றார்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தாகிவிட்டது, இனி விசாரணை முடிந்துதான் எதுவும் சொல்ல முடியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவரிடம் இதுவரை வாக்குமூலம் வாங்கவில்லை. பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட சவுரியம்மாள் நெமிலிப் பக்கத்தில் தன் வீட்டில் காத்திருக்கிறார். நன்றி சொல்லப் போன என்னிடம், "நீங்க இல்லைன்னு எழுதினது சரிதாண்ணா, அதான நெஜம்" என்று சொல்லி டீ கொடுத்தார். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். அந்த டீயின் மணம் எனக்குத் தெரிந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மூக்கு திரும்ப வந்துவிட்டது.

12. ஆகவே ஐயா அவர்கள் அருள்கூர்ந்து, வியாழக்கிழமைக்கு முன்பாக அந்த மருத்துவரின் வாக்குமூலத்தைப் பெறவும், என் காதில் பார்த்த அளவையும் ஸ்கேன் படத்தையும் விசாரணையில் சேர்க்கவும், என் 'இல்லை'யை இந்த விளக்கத்தோடு சேர்த்தே படிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். செவிலியர் சவுரியம்மாள் மீதான குறிப்பாணையை ரத்து செய்து, எங்கள் பகுதியிலேயே அவரைப் பணியமர்த்த வேண்டும். சாயப் பிரிவு ஆட்கள் யார் வந்தாலும் காதிலும் ஒரு முறை பார்க்கச் சொல்லி எல்லா மையங்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்பினால், ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை எங்கள் குடும்பங்கள் தங்களை மறக்காது.

13. கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் என் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தன. நகத்தின் அடியில் சிவப்பைக் கண்டு மோகனா சிரித்தாள். சென்ற மாதம் மறுபடியும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்று பத்து விரலும் பழையபடி கறுப்பு. நோய் இன்னொரு முறை வரும் என்கிறார்கள். வந்தால் நான் இதே விரலோடுதான் வருவேன், இதேபோல் கதையும் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்போது என் பேச்சை நம்பாமல் என் காதைப் பிடிக்க அந்த அம்மா அங்கே இருக்க வேண்டும் ஐயா.

தங்கள் நல்ல உத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
மு. பச்சையப்பன்

இடம்: ஆம்பூர்
நாள்: 19.07.2021

இம்மனுவைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. அன்று மூச்சுத் திணறியது எனக்கு. படுக்கை தேவைப்பட்டது அவருக்கு.

(ஒப்பம்)
வாஹித் பாஷா