நாளைய தேதியிட்ட கோப்புகள்

மே 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைக் கணினி எரிந்துவிட்டது. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் உள்ளே இருந்ததெல்லாம் நாசம். மாப்பிள்ளை கட்டி வைத்திருந்த கம்பைலரும் சேர்த்து. நீ போனை எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறாய். அதனால் சரக்கு வண்டி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். மீன் மொத்த வியாபாரிக்கு நாம் விற்ற தராசுகள், குளிர் அறைக்குள் போனால் எடையைக் கூட்டிக் காட்டுகின்றன. "பொய் சொல்றது உங்க தராசு, திருடன்னு பேர் வாங்குறது நானா?" என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். தராசுக்குள் ஓடும் கணினி நிரலில் ஒரு திருத்தம் போடவேண்டும். போட்டதைத் தராசின் மின்னணுச் சில்லுக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தர அந்தக் கம்பைலர் வேண்டும். அது விலைக்குக் கிடைக்காது. மாப்பிள்ளை இந்தச் சில்லுக்கென்றே திருத்தியது. அதன் மூலநிரல் உன் வீட்டில் இருக்கும் அவருடைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதிலிருந்து மறுபடி கட்டிக் கொடு. நீயும் அதே படிப்புப் படித்தவள்தானே. ஜூன் பத்துக்குள் கேட்கிறார்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? "அக்கா கதவை ஒரு சாண்தான் திறந்தாங்க" என்கிறான் டிரைவர்.

உன் அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன். ஒரு சாணுக்கு மேல் திறந்தால் டிரைவர் உள்ளே வந்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அவர் டிஸ்கை என் கணினியில் மாட்டிக் கட்டிப் பார்த்தேன். முதலில் பாதியிலேயே செத்தது. ஒரே சமயத்தில் எட்டு வேலையைக் கொடுத்திருந்தேன், நினைவகம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கொடுத்ததும் நகர்ந்தது. பிறகு துணை நிரல்கள் அடங்கிய ஒரு நூலகத்தைக் காணோம் என்றது. இருக்கிறது, ஆனால் புதிய பதிப்பு. பழையதைத் தேடி வைத்தேன்.

மூன்றாவதுதான் சங்கடம். கட்டி முடிக்கிறது, முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து கட்டுகிறது. எழுதிய கோப்பின் தேதி, கட்டியதன் தேதியைவிடப் புதிதாக இருந்தால், "மாற்றியிருக்கிறார்கள்" என்று நினைத்துத் திரும்பக் கட்டும். சில கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். ஜூன் 9. ஜூன் 14. ஜூன் 18. இந்த வருஷம், அண்ணா. இன்னும் வராத நாட்கள்.

அவர் போனது போன வருஷம் ஜூன் 21.

பயப்படாதே, பேயில்லை. அவர் தன் கணினியின் பேட்டரியை மாற்றியபோது வருஷத்தை ஒன்று கூட்டிப் போட்டிருக்கிறார். அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் சரியாக ஒரு வருஷம் முன்னால் நிற்கிறது. அவ்வளவுதான்.

தங்கச்சி


ஜூன் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நம் மெக்கானிக் முள்ளுவிடம் படித்துக் காட்டினேன். "மொதலாளி, இது ஒரு நிமிஷ வேலை. எல்லாக் கோப்புக்கும் இன்னைக்குத் தேதியைப் போட்டா ஓடிரும். அக்காவுக்கு இது தெரியாமலா இருக்கும்?" என்றான்.

அதுதான் என் கேள்வியும். தெரியாமலா இருக்கும்?

உன் அண்ணன்


ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

தெரியும். ஒரே ஒரு வரி. நகல் எடுத்து, நகலில் செய்தால் அவர் தேதிகளுக்கும் சேதமில்லை. முள்ளு அதைச் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் காத்திருந்தாலும் ஓடும். நாள் கடக்கக் கடக்க, ஒவ்வொரு பகுதியாக அதுவே முடிகிறது. நேற்றுக் காலை ஜூன் 9 கோப்பு வந்து சேர்ந்தது. அந்தந்த நாள் விடியும்வரை நான் எதையும் திறப்பதில்லை. பழைய பதிப்போடு ஒப்பிட்டு, அன்று அவர் என்ன மாற்றினார் என்று பார்க்கிறேன். ஒரு அடைப்புக்குறி, அண்ணா! போன வருஷம் அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது, "பெரிய சிக்கல், கலைக்காதே" என்று என்மேல் எரிந்து விழுந்தார். ஒரு அடைப்புக்குறிக்கு! வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டில் யாரோ சிரிக்கிறார்களே என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

இன்று ஓட்டிவிட்டால், நாளைக்கு அவருக்கு எழுத ஒன்றும் இருக்காது.

தங்கச்சி


ஜூன் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. மீன்காரர் தராசுகளை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கிறார். கையைக் காலைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். அது என் கவலை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைக் கேட்பது ஒன்றுதான். கடைசிக் கோப்பு என்ன தேதி? அதற்கு மறுநாள் நீ என்ன செய்யப்போகிறாய்?

உன் அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

ஜூன் 21, மாலை. அதன்பிறகு கோப்பு இல்லை.

மறுநாளைப் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியவில்லை. அவருக்கு அந்த நாள் இல்லை. எனக்கு மட்டும் எதற்கு என்று இருக்கிறது.

இன்று அவர் ஒரு சின்னக் கணக்கைச் சரிசெய்திருக்கிறார். நன்றாக வந்திருக்கிறது.

தங்கச்சி


ஜூன் 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி பிடுங்கிப் படித்துவிட்டு, "இன்னும் ஏன் இங்க ஒக்காந்திருக்கீங்க?" என்றாள். பதினாறாம் தேதி வண்டியில் நானும் வந்தேன். நீ கதவைத் திறந்ததும், ஒரு சாணுக்குமேல் திறந்ததும் பெரிய காரியம். என்னை நாற்காலியில் உட்காரவிடாமல், "அது அவர் இடம்" என்றாய். தரையில் உட்கார்ந்தேன். எனக்கு வருத்தமில்லை, வியாபாரத்தை நான் தரையில்தான் ஆரம்பித்தேன்.

நான் போட்ட நிபந்தனைகளுக்கு நீ அழுதுகொண்டே தலையாட்டினாய். இன்று டிரைவரிடமும் "சரின்னு சொல்லிடுங்க" என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். மீன்காரரும், "இருபத்தஞ்சுக்கு மேல ஒரு நாள் தாண்டினாலும் சரக்கு உங்க வாசல்ல" என்று முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். பேச்சு மாறாமலிருக்க எழுத்தில் வைக்கிறேன்.

இருபத்தொன்றுவரை ஒரு கோப்பின் தேதியையும் யாரும் தொடமாட்டோம். அன்று மாலை நானும் உன் அண்ணியும் அங்கே இருப்போம். கடைசிக் கோப்பு மூன்று பேர் முன்னால் கட்டப்படும். ராத்திரி நாங்கள் அங்கேயே தங்குவோம். குளிர் அறைக்கான திருத்தத்தை வேறு ஆளிடம் கொடுக்கமாட்டேன். ஜூன் 22 தேதியிட்டு நீ எழுதவேண்டும். கூலி, மாப்பிள்ளைக்குப் பேசியதே: விற்கும் ஒவ்வொரு தராசிலும் லாபத்தில் நாலில் ஒரு பங்கு, மாதம் பிறந்ததும், நீயே கடைக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும்.

உன் அண்ணன்