‘டெம்ப்’ என்று பெயர் வைத்த டேபிள்

ஊர் ஊராக அலையும் என் வீட்டுக்காரருக்கு,

இருமல் விட்டதா? போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், மெயிலையாவது பார்ப்பீர்கள் என்று எழுதுகிறேன். சின்னவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. வாய்தான் இறங்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காணாமல் போனவர்களுக்காக நாம் நடத்தும் வெப்சைட்டில் இப்போது ஒரு ஆளும் இல்லை. போட்டோ, அங்க அடையாளம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை, எல்லாம் அழிந்துவிட்டது.

புதிதாக வந்த இன்ஜினியரைத் திட்டாதீர்கள். சோதனைக்கு உண்டாக்கும் தகவல் டேபிள்களின் பெயரில் முன்னால், தற்காலிகம் என்று காட்ட ‘டெம்ப்’ சேர்ப்பது, சர்வரில் இடம் நெருக்கினால் அவற்றை அழிப்பது, இதெல்லாம் நீங்கள் போட்ட சட்டம். அவர் சட்டப்படிதான் அழித்தார். பேக்கப்பிலும் தேடினேன். டெம்ப் டேபிள்களை அது சேமிப்பதே இல்லை, அதுவும் உங்கள் ஏற்பாடுதான்.

பிறகு ஏன் காணாமல் போனவர்களின் டேபிளுக்குப் போய் அந்தப் பெயர் என்று அவர் கேட்டார். உங்கள் தம்பி காணாமல் போன வாரம் உண்டாக்கிய டேபிள் அது. நான் அன்றே சண்டை போட்டேன். “ரெண்டு நாள்ல வந்துடுவான், அதுக்கு எதுக்கு நிரந்தரமா ஒரு பேரு?” என்று பாய்ந்தீர்கள். மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளை அதிலேயே சேர்த்தார்கள். பெயரை மாற்றுங்கள் என்றபோதெல்லாம் எழுந்து போய்விட்டீர்கள்.

இப்போது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன். என் போனில் இருக்கும் நம்பர்களுக்கெல்லாம் பேசுகிறேன். ஆள் கிடைத்துவிட்டானா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மகனுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் என்று ஒரு அம்மாவுக்கு நினைவு வரவில்லை, அழுதுகொண்டே வைத்துவிட்டார். பலருடைய நம்பர் என்னிடம் இல்லை. தங்கள் பிள்ளை அந்த வெப்சைட்டில் இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

புது டேபிள் போட்டுவிட்டேன், ‘டெம்ப்’ இல்லாமல். இனி யாரும் வரப்போவதில்லை என்று நானே கையெழுத்துப் போட்டதுபோல் இருக்கிறது. உங்கள் தம்பியை அதில் ஏற்ற உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

அவனில்லாமல் வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். போகட்டும், கோபத்தில் சொன்ன பேச்சு. தனியாகவே வாருங்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். அந்த டேபிளில் உங்கள் பெயரையும் என் கையால் ஏற்ற வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் இருப்பவள்