நாற்பத்தொரு பேர் இருக்கும் ஊர்

முருகன் துணை

இல்ஃபோர்ட்,
18.10.1992

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளைகளும் நல்ல சுகம். அந்தச் செம்மண் தூசி உங்கள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா? இருமல் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஐந்து பக்கம்! கல்யாணம் பேசிய காலத்தில்கூட நீங்கள் எனக்கு இவ்வளவு எழுதவில்லை. ஒரே வீதி, ஒரே கடை, அடுத்த ஊருக்கு மூன்றரை மணி நேர ஓட்டம், விமானத்தில் வந்துபோகும் டாக்டர், மொத்தச் சனத்தொகை நாற்பத்தொன்று, அதில் பாதிப்பேர் அந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தபோது நான் அவுஸ்திரேலியப் பாலைவனத்தை அரைப் பாடவேளையில் முடித்துவிடுவேன். அங்கே ஆட்களே இல்லை என்று சொல்லிக் கரும்பலகையைத் துடைத்துவிடுவேன். இப்போது என் புருஷனே அங்கே இருக்கிறார்!

நீங்கள் அனுப்பிய போட்டோவைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எஞ்சினியருக்குப் படித்த மனுஷன் லண்டனில் எட்டு வருடம் பெட்ரோல் ஷெட்டில் நின்றீர்கள். அங்கே ஓர் ஊருக்கே மின்சாரமும் தண்ணீரும் கொடுக்கிறீர்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த முகத்தை நான் இங்கே ஒருநாளும் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

வியாழக்கிழமை தவமலர் அக்கா ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தா. நாங்களும் அங்கே வரலாமோ என்று யோசிப்பதாகச் சொன்னதும் தலையில் கை வைத்துவிட்டா. "உனக்கென்ன விசரே? இஞ்ச கிராமர் ஸ்கூலுக்குச் சனம் அடிபடுது. நீ எட்டுப் பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போறியே?" என்று கேட்டா. மூத்தவள் சுகிர்தாவுக்கு அடுத்த வருடம் கிராமர் ஸ்கூலுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்கிற அந்தச் சோதனை. ரியூசன் மாஸ்டர் அவள் கட்டாயம் பாஸ் பண்ணுவாள் என்கிறார். சின்னவன் நிரோஷனுக்குக் காய்ச்சல் வந்தால் விமானம் வரும்வரை என்ன செய்வது என்றும் பயமாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்கு மட்டும் பயமில்லை. ஆறே இல்லாத ஊரில் கிணற்றை நம்பி வளர்ந்தவள் நான், உங்கள் குழாய்க்கிணறு கொஞ்சம் உப்புக் கரித்தால் கரிக்கட்டும்.

ஆனால் நாலாம் பக்கத்தைப் படித்தபோது எனக்கு உங்கள்மேல் சரியான கோபம் வந்தது. தை மாதத்துக்குள் இன்னும் இரண்டு பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களாம். மூடினால் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விடுமாம். அந்த ஆசிரியை வந்து உங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, அவர்கள் லண்டனிலேயே இருந்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினீர்களாம். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? எங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்ற நினைப்பு எனக்கு விளங்குகிறது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சுகிர்தாவுக்குத் தமிழ் வாசிக்க வராதபடியால் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். எட்டுப் பிள்ளைகள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இங்கே அவளுடைய வகுப்பில் முப்பத்துமூன்று பேர். டீச்சருக்கு அவள் பெயர் வாயில் வராது என்று 'சூ' என்று ஆக்கிவிட்டார்கள். இரண்டு வருடமாக அவளும் திருத்தாமல் விட்டிருக்கிறாள், எங்களுக்குச் சொல்லவுமில்லை. "அம்மா, எட்டுப் பேர்தானே, அந்த டீச்சர் என்ர பேரை முழுசாச் சொல்லுவாவோ?" என்று கேட்டாள். சோதனையில் பாஸ் பண்ணும் பிள்ளை எங்கே படித்தாலும் பாஸ் பண்ணும் என்று அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. கோபம் ஆறினால் விமான நிலையத்துக்கு வருவா.

மார்கழி விடுமுறை தொடங்கியதும் புறப்படுகிறோம். இந்தக் கடிதம் கிடைத்தவுடன் மற்ற வேலைகளை விட்டுவிட்டு அந்த ஆசிரியையிடம் போங்கள். இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். சுகிர்தா, சுகிர்தா என்று அவவின் வாயில் சரியாக வரும்வரைக்கும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள், அத்தான்.

உங்கள் அன்பு மனைவி,
சிவனேஸ்வரி